பள்ளி செல்லாதோர் பட்டியலில் என் மகள்

ஏப்ரல் 3, வியாழன்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு இதற்காக வாங்கியதல்ல. யாழினி வீட்டில் தினமும் என்ன கற்றுக்கொள்கிறாள் என்று நான் குறித்து வைப்பதற்காக இவர் வாங்கித் தந்தது. முன்பக்கத்திலிருந்து அதை எழுதுகிறேன். கடைசிப் பக்கத்திலிருந்து இது. எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. வாயால் சொல்ல வராதவை கொஞ்சம் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான். பேப்பரை வீணாக்குகிறேன். மன்னிக்கவும்.

காலை எட்டு மணிக்கே வெயில். ஆனையூருக்குத் தண்ணீர் லாரி மூன்று நாளாக இல்லை.

இன்று முன்பக்கத்தில் எழுதியது: அரிசி நான்கு ஆழாக்கு அளந்தாள். அதில் அரை ஆழாக்கு எட்டு என்று தானாகவே சொன்னாள். சின்ன வெங்காயம் உரித்து மூன்று மூன்றாக அடுக்கினாள். ஏழு வரிசை. இருபத்தொன்று.

முன்பக்கத்தில் எழுதாதது: கண் எரிந்து அழுதாள். குழம்புக்கு எனக்கு வேண்டியது ஆறு வெங்காயம்தான். மீதியை உப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

யாழினிக்கு ஆறரை வயது. ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு மாதம் போனாள். ஒரு நாள் ஒரே வார்த்தையை நூறு தடவை எழுதிவரச் சொன்னார்கள். எண்பதுக்கு மேல் விரல் மடங்கவில்லை. மறுநாளே இவர் போய்ச் சண்டை போட்டு டி.சி. வாங்கி வந்துவிட்டார். ஆகஸ்டிலிருந்து வீடுதான் பள்ளிக்கூடம். பாடத்திட்டம் இவருடையது. டீச்சர் நான். புத்தகம் கிடையாது, அடி கிடையாது, மணி கிடையாது. வீட்டில் நடக்கும் வேலையிலிருந்தே எல்லாம் வர வேண்டும்.

இவர் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். இவர் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். என் வீடு வாடிப்பட்டிக்கு மேற்கே. அங்கே டிகிரி வரை வந்த முதல் ஆள் நான். பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் வகுப்பு.


ஏப்ரல் 5, சனி

இவரோடு வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் யாழினியைப் பார்க்க வந்தார்கள். பார்க்க என்றுதான் சொன்னார்கள். புதிதாக வாங்கிய வண்டியைப் பார்க்க வருவதுபோல.

உயரமானவர் கேட்டார். "பாப்பா, ஒரு கிலோவுல எத்தன கால் கிலோ?"

"நாலு. ஆனா நம்ம கடைக்காரர் போட்டா மூணேமுக்கால்தான்."

ரொம்ப நேரம் சிரித்தார்கள். இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் சந்தோஷம்தான். நானும் சிரித்தேன், அடுப்படியில் இருந்து.

"சிஸ்டர், நாள் பூரா உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"அவங்களுக்கு இது ரொம்பப் புடிச்சிருக்கு சார்" என்று இவர் சொன்னார்.

"நீங்களும் உங்க பையன நிப்பாட்டிரலாமே" என்று உயரமானவரை மற்றவர் சீண்டினார்.

"அய்யய்யோ! எனக்கு அம்புட்டுத் தைரியம் இல்லப்பா. எம் பொண்டாட்டி என்னைய நிப்பாட்டிருவா."

மறுபடி சிரிப்பு. இந்த வீட்டில் அந்தத் தைரியம் யாருடையது என்று யோசித்துக்கொண்டே டம்ளர் கழுவினேன். நான்கு டம்ளர்.


ஏப்ரல் 8, செவ்வாய்

லாரி வந்தது. ஆறு குடம். யாழினி வரிசையில் முந்தப் பார்த்து ஒரு அம்மாளிடம் திட்டு வாங்கினாள். ஏன் திட்டினார்கள் என்று அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. நம் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் நின்றதில்லை.

மாடியில் வீட்டுக்காரர்கள். சௌராஷ்டிரர். புடவை வியாபாரம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலில் தமிழ். அவர்கள் மகள் தீபா மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் நாலேகாலுக்கு அவள் வேன் வரும். நாலு மணிக்கே யாழினி கேட்டருகே போய் நிற்பாள். இதை முன்பக்கத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறேன்.

இன்று இருவரும் படிக்கட்டில் டீச்சர் விளையாட்டு. கேட்டது:

"தண்ணி குடிச்சேல்ல? யார்ட்ட கேட்ட?"

"யார்ட்டயும் கேக்கல. தாகமா இருந்துச்சு."

"மிஸ்ட்ட கேக்காமக் குடிக்கக் கூடாதுடி. கையத் தூக்கு. முட்டி போடு."

"ஏன்?"

"ஏன்னும் கேக்கக் கூடாது."

யாழினி முட்டி போட்டாள். சிரித்துக்கொண்டே போட்டாள். இவர் பார்த்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை.

தீபாவின் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன டீச்சரம்மா, ஒங்க ஸ்டூடன்ட்ட எம் மக தட்டிப் பறிச்சுட்டா போலயே?" கேலிதான். கெட்ட மனசில்லை.


ஏப்ரல் 10, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொரு மணி. வாசலில் குடை. நாற்பத்தைந்து வயது இருக்கும் ஒரு டீச்சர், பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியிலிருந்து. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வருகிறார்கள். நீளமான தாள். நான் மாவு அரைத்த கையோடு நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு போய் நின்றேன். யாழினி முறத்தோடு வந்தாள்.

"பாப்பாக்கு எத்தன வயசு? ஸ்கூலு எங்க?"

எனக்கு வாய் வரவில்லை. எப்போதும் இப்படித்தான். கல்லூரியில் மூன்று வருஷம் 'பிரசன்ட் மிஸ்' தவிர ஒன்றும் பேசியதில்லை. யாழினி பேசினாள்.

"நான் ஸ்கூலுக்குப் போகல. அப்பா வேணாம்னுட்டாரு."

"அப்ப வீட்டுல என்ன செய்வ தங்கம்?"

"வெங்காயம் உரிப்பேன். அரிசி அளப்பேன், களைவேன். கடைக்குப் போயி பருப்பு வாங்கியாருவேன். துணி காயப் போடுவேன். மாமா கொண்டாந்தா எலுமிச்சம்பழம் விப்பேன்."

டீச்சர் பேனா நின்றது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எம்புட்டு நேரம் உரிப்ப?"

"கண்ணு எரியிற வரைக்கும்."

அத்தனையும் உண்மை. எலுமிச்சம்பழம் விற்றதுகூட இவர் சொன்ன கூட்டல் கணக்குதான். தீபா வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் நான்கு பழம். சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "இல்ல டீச்சர், அது வந்து..." அதற்கு மேல் இல்லை.

"ஒங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

தலைகீழாகப் படிக்க எனக்கு நன்றாக வரும். தாயின் கல்வி என்ற கட்டத்தில் 'எழுதப் படிக்க' என்று எழுதினார். அடுத்தது, பள்ளி செல்லாத காரணம். அச்சடித்திருந்தது: வறுமை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள. வீட்டு வேலை. ஊர் மாற்றம். நோய். பிற. 'பிற' என்பதற்கு எதிரே ஒரு விரல் நீளத்துக்குப் புள்ளிக்கோடு. இவர் கொள்கை அதில் கொள்ளாது. பேனா வீட்டு வேலையில் வட்டம் போட்டது.

போகும்போது மெதுவாகச் சொன்னார். "பொம்பளப் புள்ளம்மா. வேலைய நீங்க பாருங்க. அத அனுப்பி விடுங்க. மதியச் சாப்பாடு போடுறோம், புஸ்தகம் குடுக்குறோம்." யாழினி கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

முறத்தை வாங்கி உள்ளே வைத்தேன். அப்புறம் மாவை எடுத்து வைத்தேன். அப்புறம் கை கழுவினேன்.

இரவு இவரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "நீ என்ன படிச்சிருக்கன்னு சொல்லலையா?"

"அவங்க கேக்கல."

"கேக்காட்டி சொல்லக் கூடாதா?"

இவருக்கு இது புரியாது. கேட்காமலே சொல்லிப் பழகிய வீடு இவருடையது.


ஏப்ரல் 13, ஞாயிறு

ஊரிலிருந்து அண்ணன். ஒரு பை எலுமிச்சை, இரண்டு வாழைத்தார். மினி வேன் ஓட்டுகிறான். பட்டியல் விஷயத்தை இவரே அவனிடம் வேடிக்கையாகச் சொன்னார். அண்ணன் இவர் முன்னால் சிரித்தான். இவர் கடைக்குப் போனதும் என்னிடம்:

"நான் எட்டாப்புல நின்னேன். ஓம் மக ஒண்ணாப்புலயே நின்னுட்டா. என்னைய முந்திட்டா தாயி."

"சும்மா இருண்ணே."

"இல்ல, கேக்குறேன். ஒன்னையும் ஒரு டீச்சரு இப்பிடித்தான வந்து கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாக. நம்ம அய்யா அருவாளத் தூக்கிட்டு நின்னாரு. இப்ப ஓம் வீட்டுல யாரு நிக்கிறா?"

நான் எலுமிச்சையைக் கூடையில் கொட்டினேன். அவனே, "மச்சான் படிச்சவரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டு யாழினியிடம் போனான். அவளுக்கு ஸ்டீரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். முன்பக்கம்: இடது, வலது.


ஏப்ரல் 16, புதன்

அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டம். பஸ் எல்லாம் சுற்றிப் போகின்றன. இவருக்கு விடுமுறை. மோர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"உண்மையச் சொல்லு. பள்ளிக்கூடத்துல ஒனக்கு என்னதான் கெடச்சுச்சு? எனக்குக் கெடச்சது பயம் மட்டுந்தான்."

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இவர் நல்லவர். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லிக் கட்டியவர். என்மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அதற்குள் இவர் தூங்கிவிட்டார்.

யோசித்தது:

1. தினமும் ஒரு தடவை என் முழுப்பெயரை ஒருவர் சத்தமாகச் சொன்னார். வீட்டில் நான் 'ஏ புள்ள'.

2. காலை ஒன்பதரையிலிருந்து நாலரை வரை யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

3. வளர்மதி. பக்கத்தில் உட்காருவாள். ஐந்து வருஷம். அவளோடு சண்டை, அவளோடு சேர்த்தி.

4. பயம். அதுவும் கிடைத்தது. இவருக்குக் கிடைத்த அதே பயம்தான். எனக்கு அதை வாங்கிக்கொண்டு மற்றதையும் வாங்கிக்கொள்ள முடிந்தது.

ஐந்தாவது இருக்கிறது. சொல்லில் வரவில்லை.


ஏப்ரல் 22, செவ்வாய்

நல்ல நாள். தீபா வீட்டுச் செம்பருத்தியில் ஒரு பூ கேட்டு வாங்கி, பிளேடால் நெடுக்காகப் பிளந்து காட்டினேன். இதழ், மகரந்தத் தாள், சூலகம். மகரந்தத் தாள்கள் குழாய்போல் ஒட்டியிருப்பதை யாழினியே கண்டுபிடித்தாள். சூலகத்துக்குள் அறைகளை ஊசியால் எண்ணினாள். ஐந்து. நான் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறேன். என் குரலா என்று இருந்தது.

"இதெல்லாம் ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"காலேஜ்ல."

"நீ ஸ்கூலுக்குப் போனியா?"

"போனேனே."

"ஒங்க அப்பா விட்டாரா?"

செம்பருத்தியை நோட்டில் ஒட்டி, முன்பக்கத்தில் பாகங்களின் பெயர் எழுதினேன். கடைசிக் கேள்வியை எழுதவில்லை.


ஏப்ரல் 25, வெள்ளி

காலை பத்தரை. டிரம் சத்தம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும், அட்டை பிடித்துக்கொண்டு தெருவில் ஊர்வலம். பள்ளிக்குப் புதுப் பிள்ளைகளை அழைக்கும் ஊர்வலம். முன்னால் அதே டீச்சர், அதே குடை. பட்டியலில் உள்ள வீடுகளின் முன்னால் நின்று நின்று வருகிறார்கள். எங்கள் கேட் முன்னால் நின்றார்கள்.

யாழினி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தைத் தள்ளிவிட்டு ஓடினாள். நான் வாசலுக்கு வருவதற்குள் வரிசையில் இரண்டாவது ஆள். ஒரு பெண் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததே இல்லாத குழந்தை. யாழினி வெறுங்கால்.

செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். தெருவில் சத்தம் போட வரவில்லை என்று எழுதலாம். அது முழு உண்மை இல்லை. பத்தடி தள்ளி நடந்தேன். மளிகைக் கடைக்காரர், "என்ன தங்கச்சி, நீயும் ஊர்வலமா?" என்றார். இரண்டு தெரு. யாழினி பக்கத்தில் உள்ளவர்களின் அட்டைகளை எல்லாம் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டே போனாள். தன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்த ஒரு பையனுக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

பள்ளிக்கூடம் இரண்டு அறை. ஓடு. பானையில் தண்ணீர் அடிமட்டம். மேசைமேல் பிரம்பு. இதையும் எழுதிவிட வேண்டும். பார்த்தேன், இருந்தது.

"வந்துட்டியா வெங்காயம்!" என்றார் டீச்சர். யாழினிக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

தரையில் உட்கார வைத்து வருகைப் பதிவு எடுத்தார். கடைசியில் புதியவர்கள். "இரா. யாழினி."

யாழினி சுற்றிலும் பார்த்தாள். பக்கத்துக் குழந்தை விலாவில் இடித்தது. "உள்ளேன் டீச்சர்னு சொல்லுடி."

"இங்கதான இருக்கேன்" என்றாள் யாழினி.

முப்பது பிள்ளைகளும் சிரித்தன. டீச்சரும். யாழினியும் சிரித்தாள், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே. வீட்டில் அவளைப் பார்த்து யாரும் இப்படிச் சிரித்ததில்லை. வீட்டில் அவள் சொல்வதெல்லாம் புத்திசாலித்தனம்.

சுண்டல் கொடுத்தார்கள். பகிர்ந்துகொண்டாள்.

சேர்க்கைப் படிவம் என்னிடம் வந்தது. கூட உதவிக்கு வந்திருந்த இளம்பெண் மைப்பெட்டி மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்துப் போடுவேன்" என்றேன்.

"அப்ப போடுங்கக்கா." பேனா கொடுத்தாள்.

பேனாவை வாங்கி, படிவத்தின்மேலேயே வைத்துவிட்டேன். பிறகு சொன்னேன். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன் டீச்சர்."

டீச்சர் கோபப்படவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். "எல்லாத் தாய்மாரும் இதத்தாம்மா சொல்றீக. கல்லு ஒடைக்கிற வீட்டுலயும் இதே பதிலு, மாடி வீட்டுலயும் இதே பதிலு. சரி, திங்கக்கெழம வாரேன். அதுக்குள்ள கேட்டு வையிங்க."

வரும் வழியில் யாழினி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் போவமா?"

"நாளைக்கு லீவு" என்றேன். சனிக்கிழமை.


ஏப்ரல் 26, சனி

வெயில். மின்சாரம் இல்லை. நேற்றே இவரிடம் சொல்லிவிட்டேன்.

"அந்த ஸ்கூலா? சாக்பீஸ் இருக்கான்னு பாத்தியா? பிரம்பு இருந்துருக்குமே."

"இருந்துச்சு."

"நீயும் கூடப் போனியா?"

"செருப்பு எடுத்துட்டுப் போனேன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. காலை முழுக்க உட்கார்ந்து கல்வி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். மூன்று பக்கம். எனக்கு வாசித்துக் காட்டினார். குழந்தை எப்படிக் கற்கிறது, வகுப்பறை ஏன் அதைக் கெடுக்கிறது, பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டும். நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை. படித்துக்கொண்டு வரும்போது நடுவில் எனக்கே சரிதானே என்று தோன்றியது. 'நாங்கள்' என்ற சொல் பதினொரு இடத்தில். எண்ணினேன்.

"கீழ நீதான் கையெழுத்துப் போடணும். தாயும் ஆசிரியையும்னு. பேருக்குப் பின்னால பி.எஸ்ஸி. போடு. அந்தம்மா மூஞ்சி எப்பிடி மாறுதுன்னு பாரு. திங்கக்கெழம வந்தா கைல குடுத்துரு."

"சரி" என்றேன். 'சரி' என்பது எனக்கு வாயில் தானாக வருவது.

யாழினி சாப்பிடும்போது தன் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே 'உள்ளேன் டீச்சர்' சொல்லிப் பார்த்தாள். நாலைந்து தடவை. இவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.


ஏப்ரல் 27, ஞாயிறு

யாழினிக்கு முடி வெட்ட இவர் கூட்டிப்போயிருக்கிறார். அரை மணி இருக்கிறது. கடிதம் மேசைமேல், அதன்மேல் டம்ளர். நாளைக்கு டீச்சர் வருவார். இன்றே சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

'ஏங்க, கோவிச்சுக்காதீங்க.' வேண்டாம். கோபிக்கவே மாட்டார். அதுதான் சிரமம். உட்கார வைத்து விளக்குவார். விளக்கி முடிக்கும்போது நான் 'சரி' என்றிருப்பேன்.

'ஒங்க கொள்கை தப்புன்னு சொல்லல.' இதுவும் வேண்டாம். தப்பா சரியா என்று எனக்கே தெரியாது. அந்தப் பிரம்பை நானே பார்த்தேன்.

'அவ நாலு மணிக்கே கேட்டுல போயி நிக்கிறா.' இதற்கு இவரிடம் பதில் இருக்கும். தீபாவோடு சேர்த்து ஏதாவது ஒரு ஏற்பாடு சொல்வார். நல்ல ஏற்பாடாகவும் இருக்கும். நான்தான் அதை நடத்த வேண்டியிருக்கும்.

'நான் டீச்சர் இல்ல. நான் அம்மாவா இருக்கேன்.' ரொம்ப நாடகம்.

வண்டிச் சத்தம். வந்துவிட்டார்கள். யாழினி வாசலில் ஏதோ கத்துகிறாள். சொல்லப் போவது இவ்வளவுதான். முகத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

ஏங்க, அந்தக் கடுதாசில நான் கையெழுத்துப் போடல. ஜூன் மாசம் யாழினிய அந்த ஸ்கூல்ல நானே கொண்டுபோயிச் சேக்குறேன். சேர்க்கைப் பாரத்துலயும் நானே போடுறேன். அவளுக்கு அங்க ஒத்துக்கலைன்னா நானே கூட்டிட்டும் வந்துர்றேன். எட்டு மாசம் நீங்க சொன்னபடி நடந்தேன். இந்த ஒரு வருசத்த எனக்குக் குடுங்க.